கோப்பில் உள்ள ஆவணத்தை இணையதளத்தில் ஏற்றும் முன்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பருவம் தொடங்கிவிட்டால், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் எங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: பெங்களூரா ரக மாங்காய் இன்றைக்கு என்ன விலை? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அந்த விலைப்பட்டியல் இருந்த எக்செல் கோப்பைக் காலை ஒன்பது மணிக்கே இணையதளத்தில் ஏற்றிவிட்டு, என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். வேப்பனப்பள்ளியிலிருந்து பேசிய பெரியவர் ஒருவர், "ஏம்மா, பட்டியல்ல தமிழே இல்லியே, ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா வருதே" என்றார். பட்டியல் பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருந்தது. என் கணினியில் 'தமிழ்' என்று தெரிந்த சொல், அந்த எழுத்துரு இல்லாத அவருடைய கைப்பேசியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரிந்தது. அன்று மதியம் வரை வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் விலையை வாயால்தான் சொன்னேன்.

ஓர் ஆவணம் வெளியிடப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால், அது யாருக்குத் தேவையோ அவர் தம் கைப்பேசியில் அதைத் திறக்கவும், படிக்கவும், வேண்டிய வரியைத் தேடி எடுக்கவும் முடிய வேண்டும். அதில் பெயர் இருப்பவர் எவருக்கும் அதனால் கெடுதல் வரக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள உற்பத்தியாளர் நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அறக்கட்டளைகள், பள்ளிகள், சிறிய அலுவலகங்கள் ஆகியவற்றில், கணினி தெரிந்தவர் என்பதற்காகவே இணையதளப் பொறுப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாக மென்பொருள் வாங்க வேண்டிய தேவையில்லை. வேர்டும் எக்செல்லும் ஒரு ஸ்கேனரும் இருந்தால் போதும்.

எதை வெளியிடுவது, யாரிடம் ஒப்புதல் பெறுவது

அலுவலகத்தில் இருக்கும் காகிதம் எல்லாமே வெளியிடுவதற்கு உரியதல்ல. உங்களுடையது அரசு அலுவலகமாகவோ, அரசின் நிதியைக் கணிசமாகப் பெற்று நடக்கும் அமைப்பாகவோ இருந்தால், எவரும் மனுப் போட்டுக் கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அதன் 4(1)(ஆ) பிரிவில் 17 தலைப்புகளாக வரிசைப்படுத்தியிருக்கிறது. அமைப்பின் பணிகள், அலுவலர்களின் அதிகாரங்கள், முடிவெடுக்கும் நடைமுறை, மாத ஊதியம், வரவு செலவு ஒதுக்கீடு, மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை போன்றவை அதில் வருகின்றன. அதே சட்டத்தின் 4(4) பிரிவு, இந்தத் தகவல்களைப் பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே, ஆங்கில ஆவணத்தை மட்டும் ஏற்றிவிட்டுத் தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரியான நடைமுறையாகாது. மற்ற அமைப்புகளில் பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், ஆண்டறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, டெண்டர் அறிவிப்பு, விலைப்பட்டியல் ஆகியவை வழக்கமாக வெளியிடப்படுகின்றன.

ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். இன்ன கோப்பின் இன்ன தேதியிட்ட வரைவை வெளியிடலாம் என்று பொறுப்பாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரே கூட்ட அறிவிப்புக்கு நான்கு வரைவுகள் மேசைக் கணினியில் கிடக்கும்போது, கூட்டத் தேதி மாற்றப்படுவதற்கு முன்பிருந்த வரைவு ஏறிவிடுவது மிகவும் எளிதாக நடக்கும் தவறு.

அடுத்தவருடைய விவரங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரம் கூடாது. எழுத்துப்பிழையை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். வெளியே போன வங்கிக் கணக்கு எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்குத் தேர்வான உறுப்பினர்களின் பட்டியலை எக்செல் கோப்பாகவே ஏற்றினோம். பெயர், ஊர், சர்வே எண், பரப்பு ஆகிய நான்கு பத்திகள் மட்டுமே திரையில் தெரிந்தன. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்த பத்திகளை நான் 'ஹைட்' செய்திருந்தேன், நீக்கவில்லை. கோப்பைப் பதிவிறக்கம் செய்த ஓர் உறுப்பினரின் மகன், பத்தித் தலைப்பில் ஆங்கில எழுத்து வரிசை நடுவில் விட்டுப்போயிருப்பதைக் கவனித்து, வலது பொத்தானை அழுத்தி 'அன்ஹைட்' கொடுத்துப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் கோப்பை எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் அதை இறக்கி வைத்திருந்தார்கள் என்பதை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்து நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. அசல் கோப்பைத் தொடுவதே இல்லை. புதிய, வெற்று எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து, வெளியிட வேண்டிய பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக நகலெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக மதிப்புகளை மட்டும் ஒட்டுகிறேன். அப்படிச் செய்தால் மறைந்திருக்கும் பத்தி, மறைந்திருக்கும் தாள், மற்றொரு தாளைச் சுட்டும் சூத்திரம் ஆகியவை புதிய கோப்புக்குள் வருவதில்லை. பிறகு அதைப் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுகிறேன். ஆதார் எண்ணைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது: ஆதார் சட்டம், 2016, பிரிவு 29(4), ஒருவருடைய ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதையோ காட்சிப்படுத்துவதையோ தடை செய்கிறது. 12 இலக்கங்களில் கடைசி நான்கை மட்டும் காட்டும் வழக்கமும் உண்டு. பட்டியலில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், உறுப்பினர் எண்ணைப் போடுவது அதைவிட நல்லது என்பது என் கருத்து. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டதால், இது தேவைதானா என்ற கேள்வியை ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது அலுவலகத்துக்கும் பாதுகாப்பு.

வேர்டு கோப்பிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. 'டிராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்திய ஆவணத்தில் அடித்துவிட்ட சொற்களும், ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் உள்ளேயே தங்கிவிடும். கோப்பின் பண்புகளில் டைப் செய்தவரின் பெயரும் இருக்கும். 'ஃபைல்' பட்டியலில் 'இன்ஃபோ' என்ற இடத்தில் 'செக் ஃபார் இஷ்யூஸ்' என்பதன் கீழே 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' இருக்கிறது. அதை நகல் கோப்பில் ஓட்டி, அது காட்டுவதைப் படித்துப் பார்த்து நீக்குங்கள்.

பி.டி.எஃப். கோப்பில் ஒரு பெயரின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் அது மறைந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். பட்டை மேலே இருக்கிறது, எழுத்து கீழே அப்படியே இருக்கிறது. பட்டையின் குறுக்கே மவுஸை இழுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர் வந்து விழும். எனவே, மூல வேர்டு கோப்பின் நகலிலேயே அந்தச் சொல்லை அழித்து, அவ்விடத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி, அதன் பிறகு பி.டி.எஃப். ஆக்குங்கள். காகிதம் மட்டுமே இருந்தால், ஜெராக்ஸ் நகலில் அந்த இடத்தின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலை ஸ்கேன் செய்யுங்கள். மார்க்கர் பேனாவால் அடித்தால், ஸ்கேனரின் வெளிச்சத்தில் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடக்கூடும்.

கையொப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவரின் கையொப்பம் தெளிவாகத் தெரியும் ஸ்கேனை இணையதளத்தில் வைப்பது, அதை வெட்டி வேறு காகிதத்தில் ஒட்டுவதற்கு எவருக்கும் வழி செய்து கொடுப்பதாகும். அரசாணைகளில் காணும் வழக்கப்படி '(ஒப்பம்)' என்று போட்டு, கீழே பெயரையும் பதவியையும் எழுதுங்கள். கையொப்பமிட்ட அசல், அலுவலகக் கோப்பில் இருக்கட்டும்.

எழுத்துருவும் ஒருங்குறியும்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்றும் நிறைய அலுவலகங்கள் தமிழ் வேலையை டி.டி.பி. சென்டரில் கொடுத்துத்தான் வாங்குகின்றன. அங்கே அச்சுக்கு வசதியாகப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்து கொடுப்பார்கள். காகிதத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. இணையத்துக்கு ஒருங்குறி, அதாவது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை வேண்டும். தமிழ்நாடு அரசும் 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் யூனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. புதிதாக டைப் செய்யக் கொடுக்கும்போதே "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். லதா, நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் எது இருந்தாலும் சரி.

பழைய கோப்பை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகக் கொடுத்தால் தமிழ்ப் பகுதி நன்றாகவே மாறும். ஆனால் பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஆவணத்தின் நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்கள், அதாவது மின்னஞ்சல் முகவரி, பான் எண், ஜி.எஸ்.டி. எண் போன்றவை, மாற்றத்தில் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாகிவிடும். முழுப் பக்கத்தையும் ஒரே வீச்சில் மாற்றாமல் பாரா பாராவாக மாற்றுங்கள். ஆங்கிலமும் எண்ணும் கலந்த வரிகளைக் கையால் டைப் செய்யுங்கள்.

மாற்றி முடித்ததும் நான் தவறாமல் தேடும் பிழை ஒன்று உண்டு. 'கௌரி' என்ற பெயரில் இருக்கும் 'கௌ' ஒரே உயிர்மெய் எழுத்து. பழைய பழக்கத்தில் பலர் ககரத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்து 'கெளரி' என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு இரண்டாவது, கெ, ள, ரி என்ற மூன்று எழுத்துகள். உறுப்பினர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று சரியாக டைப் செய்து தேடும் கௌரியோ சௌந்தரோ, பெயர் இருந்தும் இல்லை என்ற பதிலைத்தான் பெறுவார். வேர்டின் 'ஃபைண்ட்' பெட்டியில் 'கெள', 'செள', 'மெள', 'பெள', 'ஒள' ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடக் கூடாது. 'தெளிவு', 'வெள்ளம்' போன்ற சொற்களில் ளகரம் ளகரமாகவே இருக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களிலும் இதே கவனம் தேவை. தருமபுரி, தர்மபுரி, ஓசூர், ஹோசூர், ஒகேனக்கல், ஹொகேனக்கல், தேன்கனிக்கோட்டை, டெங்கணிக்கோட்டை என்று இரு வழக்குகளும் நம்மிடையே புழங்குகின்றன. எது சரி என்று வாதிடுவதைவிட, உங்கள் அலுவலகம் எதை எழுதும் என்று ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஆவணம் முழுவதும் அந்த வடிவமே வரட்டும். மற்ற வடிவத்தை இணையப் பக்கத்தின் விளக்கக் குறிப்பில் ஓர் இடத்தில் சேர்த்துவிட்டால், எப்படித் தேடினாலும் கிடைக்கும்.

காகிதம் மட்டுமே இருந்தால்

வேர்டில் அடித்து, பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, அதையே ஸ்கேன் செய்து ஏற்றுவது பல அலுவலகங்களின் வழக்கம். அந்த ஸ்கேன் ஒரு படம். அதில் எதையும் தேட முடியாது, பார்வையற்றவருடைய கைப்பேசி அதை வாசித்துக் காட்டவும் முடியாது. வேர்டு கோப்பு கையில் இருக்கும்போது 'சேவ் அஸ்' கொடுத்து நேரடியாகப் பி.டி.எஃப். ஆக்குங்கள். 'பிரிண்ட்' வழியாகப் பி.டி.எஃப். ஆக்கினால் தலைப்பு, அட்டவணை ஆகியவற்றின் அமைப்பு விவரம் பெரும்பாலும் தொலைந்துபோகும்.

பழைய தீர்மானப் புத்தகம் போல் காகிதம் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் ஸ்கேன் செய்துதான் ஆக வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவே போதும். ஏ4 தாள் ஒன்று அந்த அளவில் 2480க்கு 3508 புள்ளிகள் கொண்ட படமாகிறது. சுருக்குவதற்கு முன் வண்ணத்தில் அது சுமார் 26 எம்.பி., சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. எனவே, வண்ணம் பொருள் தராத ஆவணத்தைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருப்பவர், 40 எம்.பி. கோப்பு இறங்கும் வரை காத்திருக்க மாட்டார்.

ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க, கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறக்கலாம்; இலவச மென்பொருளான டெசராக்டும் தமிழ் அறியும். இரண்டுமே தவறு செய்யும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் வரும், 3 என்ற இலக்கம் 8 ஆகும். சொற்பிழையைப் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார்; தொகையில் வரும் பிழையை ஊகிக்க வழியில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அசலைப் பார்த்து எண்களை உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரிண்ட் எடுத்த நகலில் ஒவ்வோர் எண்ணாக டிக் செய்வார். 20 பக்கக் கணக்கறிக்கைக்கு ஒரு முற்பகல் முழுவதும் போய்விடும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

படிப்பதற்கு ஏற்ற அமைப்பு

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மாற்றுவதோடு நிறுத்தாமல், வேர்டின் 'ஸ்டைல்ஸ்' பகுதியில் உள்ள 'ஹெடிங்' பாணியைக் கொடுங்கள். திரைவாசிப்பு மென்பொருளில் கேட்டுப் படிப்பவர், தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல அதுவே வழி. படத்துக்கு ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுங்கள். அட்டவணையில் கட்டங்களை இணைப்பதைக் கூடுமானவரை தவிர்த்து, தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வருமாறு அமையுங்கள். 11 பத்திகள் கொண்ட அட்டவணை கைப்பேசியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். அதை இரண்டாகப் பிரியுங்கள். நாள்தோறும் மாறும் விலைப்பட்டியலைப் பி.டி.எஃப். ஆக்காமல், இணையப் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுவது எல்லாருக்கும் நல்லது.

தேதியில் மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். 05-06-2025 என்பது மே மாதமா ஜூன் மாதமா என்ற குழப்பம் டெண்டர் அறிவிப்பில் வரக்கூடாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் உறுப்பினர்கள் நிறைய பேர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் என்பதால், நீண்ட ஆவணம் எதற்கும் மேலே மூன்று நான்கு சிறிய வரிகளில் சாரத்தை எழுதிவிடுகிறேன்: என்ன அறிவிப்பு, யாருக்கு, கடைசித் தேதி எது, யாரிடம் கேட்பது.

கோப்பின் பெயர்

ஆவணத்தின் உள்ளே தமிழ், கோப்பின் பெயரில் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் எண்களும் இணைப்புக் கோடும். தமிழ்ப் பற்றில்லாமல் இதைச் சொல்லவில்லை. இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒன்பது இடங்களாக விரிகிறது; 'தருமபுரி' என்ற ஒரு சொல்லில் எட்டுக் குறியீடுகள் (த, ர, ு, ம, ப, ு, ர, ி) இருப்பதால், அது மட்டுமே 72 இடங்களைப் பிடிக்கும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து பலர் தொடுவதே இல்லை. பெயரின் முதலில் 2025-07-14 என்பது போல் ஆண்டு, மாதம், நாள் வருமாறு வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். இடைவெளி விடாதீர்கள்.

ஏற்றிய பிறகு

பின்னால் பிழை தெரிந்தால், சத்தமில்லாமல் கோப்பை மாற்றி வைக்காதீர்கள். அதே முகவரியில் திருத்திய கோப்பை வைத்து, பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று தேதியோடு, எது மாறியது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பழைய நகலை அலுவலகத்தில் வைத்திருங்கள்.

பழைய ஆவணங்களை ஏற்றும்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வரும். 1965 அக்டோபர் 2-இல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரியும், 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆகவே 1990-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் பர்கூர் 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். அதைப் பிழை என்று எண்ணி ஆவணத்துக்குள் திருத்தக் கூடாது. இணையப் பக்கத்தின் குறிப்பில், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் என்று சேர்த்தால் தேடுகிறவருக்குக் கிடைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், பி.டி.எஃப். கோப்பை அலுவலகக் கணினியில் திறந்து பார்ப்பதோடு விட்டுவிட வேண்டாம். கொம்பும் காலும் வரும் ஒரு வரியை, எடுத்துக்காட்டாக 'கொள்முதல் கோரிக்கை' என்பதை, அதிலிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்; கொம்பு ககரத்தை விட்டுப் பிரிந்து நின்றால் அந்தக் கோப்பில் தேடல் வேலை செய்யாது, வேர்டிலிருந்து மறுபடி உருவாக்க வேண்டும். பிறகு அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஓர் உறுப்பினருக்கு இணைப்பை அனுப்பி, தொலைபேசியில் அழையுங்கள். நான் பெரும்பாலும் வேப்பனப்பள்ளிப் பெரியவரைத்தான் அழைக்கிறேன். "ஐயா, பெங்களூரா வரியை மட்டும் கொஞ்சம் வாசிங்க" என்று கேட்டு, அவர் வாசிக்கும் விலையும் கையில் உள்ள கோப்பின் விலையும் ஒன்றாக இருந்தால், பதிவேட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிடுகிறேன்.